ஏழாவது ஜோனில் எண்பது

9

மூன்று பத்துக்குச் சைரன் அலறியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலியின் உச்சிக் கம்பியில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. சைரன் ஓயும்வரை இருந்துவிட்டுப் பறந்தது.

"இன்னைக்கு இது இருபத்திரெண்டாவது," என்றார் காவலாளி. நோட்டில் நேரத்தைக் குறித்தார். 'காரணம்' என்ற கட்டத்தில் காக்கை என்று எழுதினார். அதற்கு மேல் கட்டத்திலும் காக்கை. அதற்கும் மேலே காற்று.

"ரெண்டு பேரும் ஷிப்ட் போட்டு வேலை பார்க்கறாங்க அண்ணி," என்றான் வக்கீல்.

வக்கீல் சட்டம் படித்ததில்லை. வாய்க்கு வைத்த பெயர் அது. அவன் அண்ணி என்று கூப்பிட்ட டீச்சரும் இப்போது டீச்சர் இல்லை. பதினோரு வருடம் கணக்குப் பாடம் நடத்திவிட்டுத் துப்பறியும் ஆபீஸ் திறந்தவள். கணவனின் தம்பி என்பதால் வக்கீலைச் சேர்த்துக்கொண்டாள். அவனிடம் வேறு தகுதி இருந்ததாக அவளுக்கு நினைவில்லை.

அது ஒரு மருந்துக் கிடங்கு. சுற்றிலும் எட்டடிக் கம்பி வலை வேலி. வலையின் நடுவே கறுப்புக் கேபிள் ஓடியது. சாணுக்கு ஒரு பிளாஸ்டிக் டை போட்டு அதைக் கட்டியிருந்தார்கள். யாராவது ஏறினால் வலை அதிரும். எவ்வளவு அதிர்ந்தது என்பது கன்ட்ரோல் ரூம் ஸ்கிரீனில் எண்ணாக வரும். எண் லிமிட்டைத் தாண்டினால் சைரன். வேலியைப் பன்னிரண்டு துண்டாகப் பிரித்து ஜோன் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஜோனுக்கு ஒரு லிமிட்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் யாரோ வேலி ஏறி உள்ளே வந்தார்கள். குளிர் அறையின் எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றினார்கள். செருப்புப் பெட்டி அளவில் மூன்று பெட்டி ஊசி மருந்து போயிற்று. வந்தபோதும் சைரன் அடிக்கவில்லை, போனபோதும் அடிக்கவில்லை. பின்பக்கம் கேமரா கிடையாது. வேலி இருக்கிறதே என்ற நம்பிக்கை.

மூன்று வாரத்துக்கு முன்புதான் ஒரு டெக்னீஷியன் அந்த வேலிக்குப் புதிதாக லிமிட் போட்டிருந்தாள். புகார் அவள் பேரில் தயாராக இருந்தது. ஐந்து மணிக்குப் போலீசுக்குப் போகும். அதற்குள் வேறு ஆளைக் காட்ட வேண்டும். டீச்சரை அமர்த்தியவன் டெக்னீஷியனின் கணவன். இப்போது கேட்டுக்கு எதிரே, காருக்குள் உட்கார்ந்திருந்தான். இவர்களை இறக்கிவிட்டவனும் அவன்தான்.

மேனேஜர் வந்தார். மணியைப் பார்த்தார்.

"எங்கேருந்து ஆரம்பிக்கறீங்க மேடம்?"

"ஏழாவது ஜோன்."

மேனேஜர் நின்றுவிட்டார். "ஏழுன்னு யார் சொன்னது? வேலி மேல கிழிஞ்ச துணி மாட்டியிருந்ததைப் பார்த்ததே இன்னைக்குக் காலைலதான். நான் இன்னும் வெளியே யார்கிட்டயும் சொல்லல."

வக்கீல் வாயைத் திறந்தான். டீச்சர் அவன் பக்கம் திரும்பினாள். மூடிக்கொண்டான்.

"பன்னிரண்டுல ஒண்ணு சார்," என்றாள் டீச்சர். "சும்மா ஒரு ஊகம்."

*

டெக்னீஷியன் ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். எதையும் தொடக் கூடாது என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். கைகளை மடியில் வைத்திருந்தாள்.

"உங்க வேலையை எனக்குச் சொல்லுங்க," என்றாள் டீச்சர். "ஆறாங்கிளாஸ் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி."

"எனக்கு அஞ்சாங்கிளாஸ்," என்றான் வக்கீல்.

டெக்னீஷியன் சிரிக்கவில்லை.

"நான் வர்றப்போ ஒரு நாளைக்கு அறுபது தடவை அடிச்சிட்டிருந்தது. அறுபதும் பொய். லிமிட்டை ஏத்திடுன்னு எல்லாரும் சொன்னாங்க. ஏத்தினா சத்தம் நிக்கும். திருடன் வந்தாலும் சத்தம் வராது. அது காதுல பஞ்சு வெச்சுக்கற வேலை. நான் அதைப் பண்ண மாட்டேன்."

"என்ன பண்ணுவீங்க?"

"முதல்ல வேலியைச் சரி பண்ணணும். அப்புறம்தான் மெஷின். ஜோன் நம்பர் போர்டெல்லாம் காத்துல வலையில தட்டிட்டிருந்தது. கழட்டினேன். நாலாவது ஜோன்ல ஒரு கிளை உரசிட்டே இருந்தது. வெட்டச் சொன்னேன். கேட் சங்கிலிக்கு ரப்பர் குழாய் மாட்டினேன். தளர்ந்த டை முன்னூத்திப் பத்து. அத்தனையும் மாத்தினேன். ஒரு வாரம் ஆச்சு. அறுபது பதினொண்ணாச்சு. அதுவரைக்கும் லிமிட்டைத் தொடவே இல்ல."

கைகள் மடியை விட்டு வெளியே வந்திருந்தன. அவளுக்கே அது தெரியவில்லை.

"அப்புறம் ஆளை ஏத்திப் பார்ப்பேன். ஜோனுக்கு மூணு தடவை. திருடன் எப்படி ஏறுவானோ அப்படி. மெதுவா, சத்தமில்லாம. மூணு எண் வரும். எது கம்மியோ, அதுல மூணுல ரெண்டு பங்குதான் லிமிட். மனுஷன் ஏறினா கண்டிப்பா அடிக்கும். காக்கா உட்கார்ந்தா அடிக்காது."

"அடிக்கலையா?"

"ஒரு நாளைக்கு ஒண்ணு. சில நாள் அதுவும் இல்ல. சார் எல்லாருக்கும் மெயில் போட்டார். என்னைப் பாராட்டி." அவள் மேனேஜரைப் பார்க்கவில்லை. "இப்போ எல்லா லிமிட்டையும் அடிமட்டத்துக்கு இறக்கச் சொல்லிட்டார்."

"அது பாதுகாப்புக்கு," என்றார் மேனேஜர்.

சைரன் அடித்தது. இருபத்திமூன்று.

மேஜையில், லிமிட் போட்ட அன்றைய டெஸ்ட் தாள் கிடந்தது. டீச்சர் அதைப் பரீட்சைத் தாள் மாதிரிப் பிடித்துப் படித்தாள். தேதி, மூன்று வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை. ஏறியவர், காவலாளி. பக்கத்தில் காவலாளியின் கையெழுத்து. கீழே எண்கள்.

ஐந்தாவது ஜோன்: 40, 42, 39. ஆறாவது: 41, 39, 40. எட்டாவது: 38, 40, 41. எல்லா ஜோனிலும் நாற்பதை ஒட்டித்தான். ஏழாவதில் மட்டும் 79, 81, 80.

"எழுபத்தொன்பதுல மூணுல ரெண்டு பங்கு," என்றாள் டீச்சர். "ஐம்பத்திரெண்டு லிமிட். சாதாரணமா ஏறினா நாற்பதுதான் வரும். ஏழுல ஏறினவன் எங்கேயும் மாட்டல."

"அதைத்தானே நானும் சொல்றேன்," என்றார் மேனேஜர். "வேணும்னே ஒரு கதவைத் திறந்து வெச்சிருக்கு இந்தம்மா."

"திறந்து வைக்கல." டெக்னீஷியன் தாளில் ஒரு மூலையைக் காட்டினாள். ஏழுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'புது வலை, இறுக்கம்' என்று இருந்தது. "ஏழுல மட்டும் போன வருஷம் புது வலை போட்டிருக்காங்க. இழுத்துக் கட்டினா அதிர்ச்சி ஜாஸ்தி தெரியும். எண்பது வந்தப்போ அப்படித்தான் நினைச்சேன்."

"நினைச்சீங்க."

"மூணு தடவையும் எண்பதை ஒட்டியே வந்தது மேடம். வேற என்ன நினைக்கறது?"

டீச்சர் தாளை மடித்தாள். "தம்பி, நீ எத்தனை கிலோ?"

வக்கீல் கதவைப் பார்த்தான்.

*

வேலிக்கு வெளியே ஆள் நடமாட்டமில்லாத ஒரு சந்து. வக்கீல் ஷூவைக் கழற்றிவிட்டு நின்றான். டீச்சர் கையில் போன். மறுமுனையில் டெக்னீஷியன்.

"திருடன் மாதிரி ஏறணும். மெதுவா."

"திருடன் மதியம் சாப்பிட்டிருப்பானா அண்ணி?"

"ஏறு."

ஆறில் ஏறினான். வலை முனகியது. சைரன் கத்தியது. பாதியில் இறங்கி ஏழுக்குப் போனான். ஏறினான். சைரன். எட்டு. அதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கிடங்கு வேலையாட்கள் இருவர் மாடி ஜன்னலில் நின்று பார்த்தார்கள். ஒருவன் கை தட்டினான்.

"எவ்வளவு?" என்றாள் டீச்சர் போனில்.

"ஆறுல ஐம்பத்தேழு. ஏழுல ஐம்பத்தாறு." என்றாள் டெக்னீஷியன். "எட்டுல ஐம்பத்தெட்டு."

"புது வலை?"

போனில் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

வக்கீல் ஷூவுக்குள் காலை நுழைத்தான். "லிமிட் ஐம்பத்திரெண்டு. அப்போ நான் ஏறியிருந்தா மாட்டியிருப்பேன். உடம்பைக் குறைன்னு டாக்டர் சொன்னதோட அர்த்தம் இப்பத்தான் புரியுது."

"மூணு ஜோனும் ஒரே மாதிரி வலைதான்," என்றாள் டீச்சர். "ஏழுல எண்பது காட்டினது வலை இல்ல. ஏறினவன் காட்டியிருக்கான்."

"கால் வழுக்கியிருக்கலாம்."

"வழுக்கினா ஒரு தடவை வழுக்கும். மூணு தடவையும் ஒரே அளவு வழுக்கினவன் வழுக்கல. மிதிச்சிருக்கான்."

*

காவலாளியின் அறை கேட்டை ஒட்டி இருந்தது. இரண்டு படி. காவலாளி படியில் வரவில்லை. தள்ளுவண்டிக்காகப் போட்டிருந்த சாய்தளத்தில் ஏறி வந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

டீச்சர் அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. சுவரில் ஒரு மரப்பெட்டி. கண்ணாடி மூடி, பூட்டு. உள்ளே நான்கு போன்கள். காவலர்கள் ஷிப்ட் முடியும்வரை போனை அதில் வைக்க வேண்டும். சாவி மேனேஜரிடம்.

டீச்சர் அலாரம் நோட்டுக்குக் கீழே இருந்த பொருள் பதிவேட்டை எடுத்தாள். மூன்று வாரம் பின்னால் போனாள்.

"அன்னைக்கு வேலியில ஏறினது நீங்கதானே பெரியவரே?"

"நான்தாம்மா."

"முப்பத்தாறு தடவை."

"இருக்கும்."

"ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து 'ஏறுங்க, இறங்குங்க'ன்னு பொண்ணு சொல்லியிருக்கணும். எதுல சொல்லிச்சு?"

"வாக்கி டாக்கில."

டீச்சர் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினாள். வாக்கி டாக்கி இரண்டு, சர்வீசுக்கு. டெஸ்டுக்கு முந்தைய நாள், வெள்ளிக்கிழமை போயிருந்தது. திங்கட்கிழமை திரும்பியிருந்தது. இரண்டு வரியும் காவலாளியின் கையெழுத்து.

"போன்ல பேசிச்சு," என்றார் காவலாளி. பிறகு சுவர்ப் பெட்டியைப் பார்த்தார். "கத்திச்சு."

"கன்ட்ரோல் ரூம் ஜன்னல் திறக்காது. நடுவுல குளிர் அறை நிக்குது."

"மனசோட மனசு பேசிக்கிட்டோம்னு மட்டும்தான் மிச்சம் பெரியவரே," என்றான் வக்கீல். "அதையும் சொல்லிப் பாருங்க."

காவலாளி பேனாவை மூடினார்.

"என்னால ரெண்டு படி ஏற முடியாதும்மா. முட்டி போய் ரெண்டு வருஷமாச்சு. அந்தப் பொண்ணு வந்த முதல் நாளே அதைப் பார்த்துடுச்சு. மேனேஜர்கிட்ட சண்டை போட்டு இந்த நாற்காலியை வாங்கிக் கொடுத்துச்சு. ஒரு கையெழுத்துதானேன்னு போட்டேன்."

"அஞ்சு மணிக்கு உங்க பேரும் புகார்ல சேரும்."

"சேரட்டும்."

"ஏறினது யாரு?"

"அது அந்தப் பொண்ணு வாயால வரணும். என் வாயால வர வேணாம்."

வெளியே வந்ததும் வக்கீல் மெதுவாகக் கேட்டான். "அண்ணி, வாட்ச்மேன் மேலதான் சந்தேகம்னு நம்மகிட்ட சொன்னது யாரு?"

"தெரியும்."

"ஏழாவது ஜோன்னு சொன்னதும் அதே வாய்தான்."

"தெரியும் தம்பி."

கேட்டுக்கு எதிரே கார் நின்றது. உள்ளே இருந்தவன் இவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினான். என்ன ஆச்சு என்று சைகையில் கேட்டான். வக்கீலும் கையை உயர்த்தினான்.

*

நான்கு இருபது. மேனேஜர் யாருடனோ போனில் பேச வராந்தாவுக்குப் போயிருந்தார். டீச்சர் கன்ட்ரோல் ரூம் கதவைச் சாத்தினாள்.

"ஏறினது பெரியவர் இல்ல," என்றாள்.

டெக்னீஷியன் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வீட்டுக்காரர்," என்றாள். "ஏறறவங்க கம்பெனி ஆளா இருக்கணும்னு ரூல். வேற ஆள் கேட்டேன். சார் கொடுக்கல. பெரியவரை ஏத்த எனக்கு மனசு வரல. வெளியாளை வெச்சு டெஸ்ட் பண்ணினேன்னு தெரிஞ்சா என் லைசென்ஸ் போயிடும். அதனாலதான் பெரியவர் பேரைப் போட்டேன். அது ஒண்ணுதான் மேடம் என் தப்பு."

"நீங்க கூப்பிட்டீங்களா, அவரா வந்தாரா?"

"அவர்..." யோசித்தாள். "ஆள் கிடைக்கலன்னு சொன்னேன். 'நான் எதுக்கு இருக்கேன்'னார்."

"மூணுல ரெண்டு பங்குங்கற கணக்கு யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு."

"வேற?"

"வீட்டுல சொல்லியிருக்கேன். நான் வேலையைப் பத்திப் பேசினா அவர் கேட்டுக்கிட்டே இருப்பார். கேள்வி கேப்பார். குளிர் அறை எந்தப் பக்கம், கேமரா எங்கே, எல்லாம். எங்க அப்பா ஒரு நாளும் என் வேலை என்னன்னு கேட்டதில்ல. இவர் கேப்பார்." அவள் குரலில் அப்போதும் ஒரு பெருமை இருந்தது. வாக்கியம் முடிந்த பிறகுதான் அது போயிற்று.

டீச்சர் காத்திருந்தாள். வகுப்பில் கடைசி வரியைப் பிள்ளைகளே எழுதட்டும் என்று காத்திருந்த பழக்கம்.

"இல்ல மேடம்," என்றாள் டெக்னீஷியன். "அவர் கை ரெண்டும் கன்னிப்போயிருந்துச்சு அன்னைக்கு. வீட்டுக்குப் போய் நான்தான் மருந்து போட்டேன். முப்பத்தாறு தடவை ஏறியிருக்கார். எனக்காக."

"ஞாயித்துக்கிழமை மதியம் எங்கே இருந்தார்?"

"வெளியே போயிருந்தார். ஃபிரெண்டைப் பார்க்க."

"வந்து?"

"குளிச்சார்," என்றாள். "ரெண்டாவது தடவை."

வக்கீல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

டீச்சர் பையிலிருந்து தன் நோட்டை எடுத்தாள். செவ்வாய்க்கிழமை அந்தக் கணவன் ஆபீசுக்கு வந்தபோது எழுதிய பக்கம். அழுதுகொண்டே பேசினான். அவளே தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். மனைவிக்காக இப்படி அழும் ஒருவனை அவள் அதிகம் பார்த்ததில்லை. அவனை அவளுக்குப் பிடித்திருந்தது. அவன் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதியிருந்தாள். 'ஏழாவது ஜோன். வாட்ச்மேனை விசாரிக்கவும்.'

"ஏழுன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

"இன்னைக்குக் காலைல. துணி கிடைச்சப்போ."

"அவருக்குச் செவ்வாய்க்கிழமையே தெரிஞ்சிருக்கு."

டெக்னீஷியன் அந்தப் பக்கத்தைப் படித்தாள். இரண்டு வரிதான். ரொம்ப நேரம் படித்தாள். பிறகு நாற்காலியை ஸ்கிரீன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"ஏத்திப் பார்த்தா தெரிஞ்சிடும்," என்றாள்.

"எப்படி?"

"எந்த ஜோன்ல எவ்வளவு வந்துச்சுன்னு நான் அவர்கிட்ட சொன்னதே இல்ல. 'சரி, அடுத்தது'ன்னு மட்டும்தான் சொல்வேன். தாளை அவர் பார்த்ததில்ல. ஒண்ணும் தெரியாதவரா இருந்தா எல்லா ஜோன்லயும் ஒரே மாதிரிதான் ஏறுவார்." வேலையைப் பற்றிப் பேசும் குரல் திரும்ப வந்திருந்தது. வேறு குரல் அவளிடம் மிச்சமில்லாதது போல. "ஏழுல மிதிச்சது தெரிஞ்சவருக்குத்தான், இன்னைக்கும் ஏழுல மிதிக்கணும்னு தோணும். இல்லேன்னா அன்னைக்கு வந்த எண்ணுக்குக் கணக்கு இடிக்குமே."

டீச்சர் அவளைப் பார்த்தாள். தான் சொல்ல நினைத்திருந்தது அதுதான். அவள் முந்திக்கொண்டாள்.

"நாற்பது வந்தா," என்றாள் டீச்சர், "உங்க ரெண்டு பேர்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்."

"வரும்," என்றாள் டெக்னீஷியன்.

*

வக்கீல்தான் போய்ச் சொன்னான். டெஸ்டைத் திரும்பப் பண்ணணுமாம், உங்க ஒய்ஃபைக் காப்பாத்த ஒரே வழியாம். அவ்வளவுதான் சொன்னான். அந்த மனிதன் காரைப் பூட்டக்கூட நிற்கவில்லை. சந்துக்குள் கிட்டத்தட்ட ஓடினான்.

கன்ட்ரோல் ரூமில் மேனேஜர் டீச்சருக்குப் பின்னால் நின்றார். காவலாளியையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சைரனை ஆஃப் பண்ணுங்க சார்," என்றாள் டெக்னீஷியன். "எண் போதும்."

மேனேஜர் இந்த முறை மறுக்கவில்லை.

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தாள்.

"கேக்குதா?"

"கேக்குது. சொல்லும்மா." மூச்சு வாங்கியது. "பயப்படாதே. இன்னைக்கே முடிச்சிடலாம்."

"அன்னைக்கு ஏறின மாதிரியே ஏறுங்க. ஜோன் அஞ்சு."

வலை சரசரக்கும் ஒலி ஸ்பீக்கரில் வந்தது. ஸ்கிரீனில் பச்சைக் கோடு எழுந்து விழுந்தது. 41.

"சரி. அடுத்தது. ஆறு."

காலடி. சரசரப்பு. 39.

டெக்னீஷியனின் தோள் கொஞ்சம் தளர்ந்தது. டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தீர்களா என்பது போல. முகத்தில் சிரிப்புக்கு முந்தைய ஏதோ ஒன்று இருந்தது.

டீச்சர் ஸ்கிரீனை மட்டும் பார்த்தாள். தப்பாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். அவள் தொழிலில் அப்படி நினைப்பது அபூர்வம்.

"சரி. அடுத்தது," என்றாள் டெக்னீஷியன். "ஏழு."

சந்தில் நடக்கும் ஒலி. நின்றது. ஒருமுறை அவன் தொண்டையைச் செருமினான். பிறகு வலை அதிர்ந்தது. ஸ்பீக்கரில் கேட்டது சரசரப்பு இல்லை. கம்பியும் தூணும் சேர்ந்து குலுங்கும் ஒலி. கோடு ஸ்கிரீனின் பாதி உயரத்தைத் தாண்டியது.

82.

காவலாளி கண்ணை மூடிக்கொண்டார். மேனேஜர் டெஸ்ட் தாளை எடுத்தார், எண்ணைப் பார்த்தார், ஸ்கிரீனைப் பார்த்தார், தாளைத் திரும்ப வைத்தார்.

"இன்னொரு தடவை," என்றாள் டெக்னீஷியன்.

80.

"இன்னொரு தடவை."

81.

அவள் மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதினாள். அடியில் கோடு போட்டாள். வக்கீல் வாசலுக்கு வந்து நின்றிருந்தான். டீச்சர் அவனுக்குக் கண்ணால் ஜாடை காட்டினாள். இரண்டு காவலர்களைக் கூட்டிக்கொண்டு அவன் சந்துப் பக்கம் போனான்.

"எவ்வளவு வந்துச்சும்மா?" ஸ்பீக்கரில் கணவனின் குரல். மூச்சிரைப்புக்கு நடுவே ஒரு ஆர்வம். "அன்னைக்கு மாதிரியே வந்துச்சா? சரியா இருக்கா?"

டெக்னீஷியன் ஸ்பீக்கரை அணைத்தாள். போனைக் காதில் வைத்துக்கொண்டாள். சுவர்ப் பக்கமாக நாற்காலியைத் திருப்பினாள். அறையில் மற்றவர்கள் இருப்பதை அவள் மறந்துவிட்டது போலிருந்தது.

"சரியா இருக்கு," என்றாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கோபமே பட மாட்டேன். அன்னைக்கு ஏழுல மிதிக்கும்போது, மாட்டப் போறது நான்தான்னு உங்களுக்குத் தெரியுமா?"